ஐம்பத்தேழு அலறல்கள்

மேசையின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பதிவுக் கருவியைச் சிரமம் பாராமல் நாலு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தீர்களானால் நன்றாக இருக்கும். தங்கள் கைவளை மேசையில் படும்போதெல்லாம் அந்த ஓசையும் அதில் ஏறிவிடும். பிறகு இதைக் கேட்டு எழுதப்போகிறவர் பாவம், திண்டாடுவார். ஆம், இப்போது சரியாக இருக்கிறது. மிக்க நன்றி. இருபத்தொரு ஆண்டுகள் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிறர் குரலைப் பதிவு செய்தவளுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. மன்னிக்க வேண்டும்.

எங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர் நேற்று இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, தங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்; அது அவர் கடமை. ஆனால் கரீசா ப்ரூயெட்டின் குரல் எப்படிப் போயிற்று என்று கேட்பதற்காகவே, அவளுடைய வழக்கறிஞரான தாங்கள் இந்த ஆகஸ்டு வெயிலில் ஃபோர்ட் வொர்த்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒரு குவளை ஐஸ் தேநீரைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவது மரியாதையாகாது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். இடையிடையே எனக்குச் சிரிப்பு வந்தால் தாங்கள் தவறாக எண்ணக் கூடாது. அந்த ஏப்ரல் மாதம் அவ்வளவு மகிழ்ச்சியான மாதம். நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது.

எங்கள் ஒலிக்கூடத்தைத் தாங்கள் வரும் வழியில் பார்த்திருக்கலாம். லூயிஸ்வில்லில், நெடுஞ்சாலையோரக் கடைவரிசையில், நகப்பூச்சுக் கடைக்கும் வரி ஆலோசகருக்கும் நடுவே இருக்கிறது. முன்பு பல் மருத்துவமனையாக இருந்த இடம். எக்ஸ்ரே எடுத்த அறைக்கு ஈயத்தகடு வைத்த சுவர். அந்த அறையில் நின்று கத்தினால் பக்கத்துக் கடையில் நகம் காயவைக்கும் பெண்மணிகள் தலை நிமிரவும் மாட்டார்கள். ஒலி புகாச் சுவர் கட்ட வேண்டிய பதினெட்டாயிரம் டாலர் எங்களுக்கு அப்படியே மிச்சமாயிற்று. அந்த அறையில்தான் ஜப்பானியக் கார்ட்டூன் வீரர்கள் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டார்கள். நான் அதற்கு முன் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் என்பதால், அறுபது வயது நடிகர்கூட என்னை ‘மிஸ் ஓப்பல்’ என்றே அழைப்பார். அழைக்கும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அதைப் பார்க்க எனக்கு உள்ளூரக் குதூகலமாக இருக்கும்.

செலவுக் கணக்கைத் தாங்கள் கேட்டிருந்தீர்கள். தொடரின் ஒரு பகுதியை ஆங்கிலமாக்கிக் கொடுப்பதற்கு, படத்தை ஒளிபரப்பும் நிறுவனம் எங்களுக்குத் தருவது ஒன்பதாயிரம் டாலர். கேட்கப் பெரிய தொகைதான். படத்தின் வாயசைவுக்குப் பொருந்தும்படி வசனம் எழுதுகிறவர், ஒலிப்பதிவாளர், ஒலிக்கலவை செய்கிறவர், வாடகை, குளிர்சாதனத்தின் மின்கட்டணம் என்று எல்லாம் போக, குரல் கொடுப்பவருக்கு மணிக்கு ஐம்பது டாலர் வைக்கிறோம். யார் வந்தாலும் இரண்டு மணி நேரக் கூலி உறுதி. அரை மணியில் வேலை முடிந்தாலும் நூறு டாலர் கொடுத்தாக வேண்டும். அதன்பின் அந்தப் படத்தை எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் அவருக்கு மேற்கொண்டு ஒரு காசு கிடையாது. யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. தொழிலின் அமைப்பு அப்படி.

அரை மணியில் முடிப்பவரை வைத்துக்கொண்டு மீதி ஒன்றரை மணி நேரம் என்ன செய்வதென்று தாங்கள் கேட்கலாம். நாங்கள் வீணாக்குவதில்லை. சந்தைக் கூட்டமாகச் சலசலக்கச் சொல்வோம். குத்துப்பட்டுச் சாகச் சொல்வோம். நூடுல்ஸ் உறிஞ்சச் சொல்வோம். எல்லாவற்றையும் பதிவு செய்து, தேவைப்படும் படத்தில் தேவைப்படும் இடத்தில் சேர்த்துக்கொள்வோம். தலைமையாசிரியராக மூன்று வரி பேச வந்த முதியவர் ஒருவர், மீதி நேரத்தில் பதினான்கு போர்வீரர்களாகச் செத்து, ஒரு கழுதையாகவும் கனைத்துவிட்டுப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு மனநிறைவோடு தாம் ஒருநாளும் செத்ததில்லை என்றார். இப்படிப்பட்ட இடத்துக்கு ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்றால், வாசல்வரை துள்ளிக்கொண்டுதான் போவேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

கரீசாவுக்கு முப்பத்து நான்கு. காலையில் நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் பான்கேக் பரிமாறுவாள். மதியம் எங்களிடம் வந்து டோமரு என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிவிடுவாள். சிறுவர்களுக்குப் பெண்களே குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். நிஜச் சிறுவனை வைத்துக்கொண்டால் தொடர் முடிவதற்குள் அவனுக்குக் குரல் உடைந்துவிடும், முதலிலிருந்து செலவு. அந்தத் தொடரில் டோமரு வானத்திலிருந்து இடியை வரவழைப்பவன். அலறினால்தான் அவனுக்கு இடி வரும். ஆகையால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அலறுவான்.

“இவனுக்கு உப்பு வேணும்னாக்கூடக் கத்தித்தான் கேப்பான் போல, மிஸ்” என்பாள் கரீசா. “அந்த ஊர்ல எவனும் இவனை உக்கார வெச்சு, மெதுவா பேசுடா தம்பின்னு சொல்ல மாட்டானா?”

ஒலிப்பதிவாளர் எஃப்ரென் சிரித்துச் சிரித்துப் பொத்தானை மாற்றி அழுத்திவிடுவான். எஃப்ரென் கன்ட்டூ மிகவும் நல்ல பையன். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனானவனைப் பையன் என்று சொல்லலாகாது, பழக்கதோஷம்.

கோடையில் ரசிகர் மாநாடுகள் நடக்கும். இர்விங்கில் ஒரு விடுதியின் கூடத்தில் கரீசா மேசை போட்டு உட்காருவாள். டோமருவின் படத்தில் அவள் கையெழுத்தை வாங்க நாற்பது டாலர். ஒரு தொடர் முழுக்க டோமருவாக நடிக்க நாங்கள் கொடுத்தது எழுநூறு. பதினெட்டுக் கையெழுத்துப் போட்டால் எங்களைத் தாண்டிவிடுவாள். அவளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வரிசையில் வரும் குழந்தைகளுக்கு டோமருவின் குரலில் அவரவர் பெயரைச் சொல்லி வாழ்த்துவாள். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை.

அந்த எழுநூறு எப்படி வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பொதுவாகப் பகுதிக்கு ஒரு பதிவு என்று பன்னிரண்டு பகுதிக்குப் பன்னிரண்டு முறை அவளை வரவழைக்க வேண்டும். அலறல்களை ஒவ்வொரு பதிவின் கடைசியில் வைப்பார்கள். அலறியபின் தொண்டை கரகரக்கும், அதற்குமேல் வசனம் பேச முடியாது. அடுத்த பதிவுவரை நாலைந்து நாள் ஓய்வு. தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். நான் அலறல்களை மட்டும் தனியே பிரித்து எடுத்தேன். அவற்றை நீக்கிவிட்டால் இரண்டு பகுதிகளின் வசனம் ஒரே பதிவில் அடங்கிவிடுகிறது. ஆறு பதிவில் வசனம் முழுதும் முடிந்தது. ஏழாவது பதிவில், இரண்டே மணி நேரத்தில், எல்லா அலறல்களும். பன்னிரண்டு ஏழாகிவிட்டது. அறை, ஒலிப்பதிவாளர், கூலி எல்லாம் சேர்த்துப் பதிவுக்கு முந்நூறு என்றால் ஆயிரத்து ஐந்நூறு டாலர் மிச்சம். இது தோன்றிய அன்று நான் வீட்டில் தனியாக நடனமாடினேன், அம்மா. பூனை கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.

அந்த ஏழாவது பதிவுக்கு ‘அலறல் நாள்’ என்று பெயர் வைத்தது கரீசாதான். ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி என்று குறித்திருந்தோம். அதற்கு மறு வாரம் தொடரை ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ஐந்நூறு டாலர் பிடித்துக்கொள்வார்கள்; இரண்டாவது சீசனை லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்குக் கொடுத்துவிடுவதாகவும் பேச்சிருந்தது. எங்களிடம் பத்தொன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எஃப்ரெனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் கரீசாவுக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. மே மாதம் தொடக்கம். தொழிற்சங்கக் கூலி. நாலு மணி நேரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல். மருத்துவக் காப்பீடும் உண்டு. அவள் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். நான் பீக்கன் கொட்டை வைத்து ஒரு இனிப்பு அடை சுட்டுக் கொண்டுபோனேன். பொறாமைப்பட்டேன் என்று யாராவது தங்களிடம் சொன்னால் அது உண்மையன்று. என் அட்டவணையில் மே மாதத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பேசும்போது அவள் குரலில் ஒரு சிறு விரிசல் கேட்க ஆரம்பித்ததும் அப்போதுதான். காலையில் குரல் எழும்பச் சற்று நேரம் பிடிக்கிறது என்றாள். அவளுக்குக் காப்பீடு இல்லை. தொண்டை மருத்துவரிடம் போக இருநூற்றுத் தொண்ணூறு டாலர் ஆகும். நான் என் கைப்பணத்தைக் கட்டி, நானே டென்ட்டனுக்கு அழைத்துப்போனேன். தாங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். முடிவை யாருக்கு அனுப்புவது என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில், என் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கையெழுத்திட்டது கரீசாதான்.

“அந்த டாக்டருங்க பாஷை எனக்கு விளங்காது மிஸ். நீங்களே படிச்சு, ரெண்டு வரியில சொல்லிடுங்க.”

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒன்றரைப் பக்கம். இடதுபக்கக் குரல்நாணில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. ஆறு வாரம் பேச்சைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் தானே வடிந்துவிடும். கத்தினால் வெடித்துத் தழும்பாகும், பிறகு பழைய குரல் திரும்பாது என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தார். தெளிவான நடை. அவர் என் மாணவராக இருந்திருந்தால் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன். கடைசியில், வெதுவெதுப்பான நீர் நிறையக் குடிக்கவும், தேன் இதமளிக்கும், புற்றுநோய்க்கான அறிகுறி ஏதும் இல்லை என்றும் இருந்தது.

ஆறு வாரம் என்றால் முப்பது வேலை நாள், பதினைந்தாயிரம் டாலர். இரண்டாவது சீசனும் போகும். கணக்கைப் பென்சிலால் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். நான் அவசரக்காரி இல்லை. பிறகு கரீசாவை அழைத்துச் சொன்னேன்: “வெந்நீர் குடிக்கணுமாம், தேன் சேத்துக்கணுமாம், கண்ணு. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லை, புற்றுநோயெல்லாம் கிடையாதுன்னு எழுதியிருக்காரு.” ஒன்றரைப் பக்கத்தை இரண்டு வரியாகச் சுருக்குவது எனக்குப் பழக்கமான வேலை. கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மறுமுனையில் அவள் அழுதுவிட்டாள். ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்றும், இன்றைக்குத்தான் தூங்கப்போவதாகவும், என்னைப்போல ஒருத்தர் தனக்கு வாய்த்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்வதாகவும் சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. ஒருவருக்கு நிம்மதி கொடுப்பது எவ்வளவு இனிய அனுபவம்.

அலறல் நாளைப் பற்றி எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த காலை வேறு இல்லை. வாசலில் பலூன் கட்டியிருந்தோம். நான் தொத்திறைச்சி வைத்த கொலாச்சி ரொட்டி மூன்று டஜன் வாங்கிப் போயிருந்தேன். வேலை இல்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். காகிதத் தட்டுகளில் எண் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அலறலுக்கும் நீச்சல் போட்டி நடுவர்களைப்போலத் தூக்கிக் காட்டினார்கள். மொத்தம் ஐம்பத்தேழு. மலையைப் பிளக்கும் அலறல், நண்பன் செத்தபோது எழும் அலறல், தேர்வில் தோற்றதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் காதில் மூன்று முறை மணியொலி கேட்கும். நாலாவது ஒலிக்க வேண்டிய இடத்தில் அவள் ஆரம்பிக்க வேண்டும். ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினாறாவதற்கு எல்லோரும் பத்துக்குப் பத்துக் காட்டினோம். கரீசா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராணிபோல முழங்கால் மடக்கி வணங்கினாள்.

முப்பதுக்குமேல் அவள் வெந்நீரை அடிக்கடி எடுத்தாள். நாற்பத்தொன்றாவது முடிந்ததும் இருமினாள்.

“வாயில ஏதோ செப்புக் காசை வெச்ச மாதிரி இருக்கு மிஸ்” என்றாள்.

எஃப்ரென் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவளோடு பேச அழுத்தும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அவளுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னான்: “நிறுத்திக்கலாம் மிஸ் ஓப்பல். மிச்சத்தை வேற யாரையாச்சும் வெச்சுக் கத்த வெச்சுக்கலாம். கத்துறதுல ஆள் மாறுறது யாருக்குத் தெரியப்போகுது?”

அது முடியாத காரியமன்று என்பதை மறைக்க விரும்பவில்லை. இன்னொரு பதிவு வைக்க வேண்டியிருக்கும், முந்நூறு டாலர். அட்டவணையில் ஏழு எட்டாகிவிடும். நான் எஃப்ரெனுக்கு ஒரு கொலாச்சியை எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. ஆகவே அவன்மீது வழக்குத் தொடர வேண்டாம் என்று தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

“மருத்துவர் பாத்துட்டாரு, கண்ணு” என்று பொத்தானை அழுத்தி அவளிடம் சொன்னேன். “தேன் இன்னொரு கரண்டி போட்டுக்கோ.”

“சரி மிஸ். டாக்டரே சொன்னப்புறம் டோமரு ஏன் பயப்படப்போறான்?”

ஐம்பத்தேழாவது முடிந்தபோது பதினொன்று நாற்பத்தொன்பது. தொடர் முழுதும் நிறைவடைந்துவிட்டது, அம்மா. மறு வாரம் ஒப்படைக்கலாம். இரண்டாவது சீசனுக்குத் தடையில்லை. பத்தொன்பது பேருக்கும் வேலை இருந்தது. எல்லோரும் தட்டுகளை மேலே எறிந்தார்கள். யாரோ என் தலைமுடியில் ரிப்பன் சுற்றினார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது; ஐந்து வயதுக் குழந்தையைப்போல நின்ற இடத்தில் குதித்தேன். கரீசா காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, இனி நாளை மறுநாள்வரை ஊமை என்று சைகை செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தாங்கள் ஏற்கெனவே அறிந்தவை. எஃப்ரென் சொல்லியிருப்பான், மருத்துவரின் கடிதமும் தங்கள் கோப்பில் இருக்கிறது. அந்தப் பத்தொன்பது பேருக்காகத்தான் செய்தேன் என்று எங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொல்வார். அது உண்மைதான், பதினொன்று நாற்பத்தொன்பது வரைக்கும்.

எஃப்ரென் மைக்கை அணைக்கக் கை நீட்டினான். நான் அவன் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினேன். மேற்கொண்டு எந்தப் பகுதிக்கும் எந்த அலறலும் தேவைப்படவில்லை. ஆனால் பன்னிரண்டு மணிவரை கூலி பேசியாகிவிட்டது. பதினொரு நிமிடம் சும்மா கிடந்தது. மே மாதத்திலிருந்து அவள் இருக்கமாட்டாள். இரண்டாவது சீசனுக்கு உபயோகப்படும்படி ஒன்றிரண்டு அலறல்களை எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது என்று தோன்றியது. எல்லோரிடமும் செய்வதுதான். பொத்தானை அழுத்தி, இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, கையிருப்புக்கு ஒன்று கொடு, இதுவரை கொடுத்ததில் பெரியதாக, என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைக் கடிதம் என் கைப்பையில் மடித்தபடி இருந்தது. அதை நான் மறந்துவிடவில்லை. கேட்கும்போது அதுவும் எனக்கு நினைவில் இருந்தது.

கரீசா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். களைத்திருந்தாள். பிறகு சிரித்தாள்.

“உங்களுக்காக ஒண்ணு, மிஸ்” என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசி வாக்கியம்.

மூன்று மணியொலி. அலறல் தொடங்கியது, அவ்வளவு அழகான தொடக்கத்தை நான் கேட்டதே இல்லை. நாலாவது நொடியில் ஓசை நின்றது. அவள் வாய் மட்டும் திறந்தே இருந்தது. மைக் பழுதாகிவிட்டது என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வாயை அசைத்து அசைத்து எங்களிடம் ஏதோ சொன்னாள். வெளியே இருந்தவர்கள் அது நடிப்பென்று எண்ணிப் பத்துக்குப் பத்துக் காட்டினார்கள்.

நான் பதிவேட்டில் பதினொன்று ஐம்பத்து மூன்று என்று குறித்தேன். மீதி ஏழு நிமிடம் அவள் வேலை எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அதற்கும் சேர்த்து முழு நூறு டாலரும் அன்றே கொடுத்தனுப்பினேன். அதில் ஒரு காசுகூடப் பிடிக்கவில்லை என்பதைத் தாங்கள் தயவுசெய்து கரீசாவிடம் சொல்ல வேண்டும்.